பிரேக் பேடைப் படம் பார்த்து வாங்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் உதிரிபாகங்களை ஆன்லைனில் வாங்குவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என் அக்காவுக்கு, அந்தப் பாகத்தை வாங்கிக் கொடுத்தது நான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

அக்கா மேடவாக்கத்தில் இருக்கிறார், சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பதினோரு வருஷம் ஓடிய சின்ன கார் ஒன்று வைத்திருக்கிறார், மகனையும் அதே பள்ளியில் சேர்த்திருப்பதால் இரண்டு பேரும் தினமும் அதில்தான் போய் வருகிறார்கள். போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் சர்வீசுக்கு விட்டபோது பள்ளிக்கரணையில் இருக்கும் எங்கள் மெக்கானிக் பாய், முன் சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். அவர் வழக்கமாக வாங்கும் கடையில் விலை 1,850 ரூபாய். நம்ம வீட்டில் ஆன்லைனில் எது வாங்குவதானாலும் என்னிடம்தான் கேட்பார்கள், அக்காவும் கேட்டார். நான் போனை எடுத்துக் காரின் பெயரையும் பிரேக் பேடு என்பதையும் தட்டினேன். கம்பெனிப் பெயர் போட்ட பெட்டியின் படம், பக்கத்தில் ஒரிஜினல் என்ற வார்த்தை, நான்கு நட்சத்திரத்துக்கு மேல் மதிப்பெண், விலை 740. அடுத்த நிமிடம் ஆர்டர் போட்டுவிட்டேன். யார் விற்கிறார்கள், எந்த ஊர், பாகத்தின் எண் என்ன, எதையுமே பார்க்கவில்லை. ஒரு சட்டை வாங்கினால்கூட அளவு அட்டவணையைப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், எங்க வாங்கினீங்க? வெயிட்டே இல்லையே" என்றார். மறுநாள் காலை அக்காவுக்குத் தேர்வு மேற்பார்வை இருந்தது, வண்டி கட்டாயம் வேண்டும், வேறு பேடு வாங்கிவர நேரமில்லை. "சரி பாய், இப்போதைக்குப் போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். அந்த வாக்கியத்தை எத்தனையோ ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரத்திலேயே பிரேக் போடும்போது கீச்சென்று சத்தம். புதுப் பேடு, பதிய நாளாகும் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாவது வாரம் முன் சக்கர ரிம் முழுக்கக் கறுப்பாகத் தூள் படிந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், நல்ல மழை, மேடவாக்கம் கூட்டு ரோடு சிக்னலை நெருங்கும்போது அக்கா பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் கல் மாதிரி இறுகி நின்றதே தவிர வண்டி நிற்கவில்லை, முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் போய் இடித்துத்தான் நின்றது. வேகம் குறைவாக இருந்ததால் யாருக்கும் அடியில்லை. ஆட்டோ டிரைவர் இறங்கி வந்து சத்தம் போட்டிருக்கிறார், அக்காவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவரே வண்டியை ஓரங்கட்ட உதவியும் செய்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மகன் சொன்னான், "மாமா, அம்மா பிரேக் போட்டும் வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு." ஏழாவது படிக்கிற பையன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் பாய் சக்கரத்தைக் கழற்றினார். தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார், நான் வாங்கிய பேடை ஒரு பக்கமும், கடையிலிருந்து வாங்கிவந்த பேடை இன்னொரு பக்கமும் வைத்தார். பார்த்தால் யாருக்கும் புரியும். பிரேக் பேடு என்பது ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் உராய்வுக்கான கலவையை அழுத்தத்திலும் சூட்டிலும் ஒட்டியிருப்பார்கள். கடைப் பேடில் அந்தக் கலவைக்கும் தகட்டுக்கும் நடுவில் நகம்கூட நுழையாது. நான் வாங்கியதில் ஒரு மூலையில் கலவை தகட்டைவிட்டுப் பிரிந்து வாய் திறந்திருந்தது, பாய் ஸ்க்ரூ டிரைவர் முனையை உள்ளே விட்டு லேசாக நெம்பியதும் பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு உடைந்து காகிதத்தில் விழுந்தது. மேல்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சூடேறி இறுகிப்போனால் இப்படித்தான் ஆகுமாம், அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிமானம் இருக்காது என்றார். கடைப் பேடில் முன்னோரமும் பின்னோரமும் சரிவாகச் சீவப்பட்டிருந்தன, முதுகில் சத்தம் வராமலிருக்க மெல்லிய தகடு ஒன்று பொருத்தியிருந்தது, தயாரிப்பு வரிசை எண் இரும்பிலேயே பதிந்திருந்தது. என்னுடையதில் எழுத்துகள் பெயின்டில் அச்சடித்தவை. பெட்ரோலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தார், கம்பெனிப் பெயர் துணியோடு வந்துவிட்டது.

இன்னொன்றும் காட்டினார். பல நல்ல பேடுகளின் ஓரத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசியில் எஃப்எஃப் என்றோ ஜிஎஃப் என்றோ இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பதற்கு. ஈ என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.25-லிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45 வரை. கார் ஓட்டத் தொடங்கி பதினைந்து வருஷம் ஆகிறது, அன்றைக்குத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். நான் வாங்கியதில் அந்தக் குறியீடே இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேடி எடுத்தேன், நல்லவேளை குப்பையில் போடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல். கிட்ட வைத்துப் பார்த்தால் லோகோவின் நீலம் வெளிறியிருந்தது. பயன்படுத்தும் முறை என்று அச்சிட்டிருந்த ஆங்கில வரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. எம்ஆர்பி ஸ்டிக்கரைச் சுரண்டினால் கீழே வேறொரு விலை. தயாரித்த மாதமும் வருஷமும் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண் என்று போட்டிருந்ததை எண்ணினேன், ஒன்பது இலக்கம்தான் இருந்தது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருஷம், விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருந்தாக வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. பருப்புப் பாக்கெட்டில் நாம் தவறாமல் பார்க்கும் சமாசாரம்தான். பிரேக் பெட்டியில் பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கு அதிகமாக உறுத்துவது நாம் இருக்கும் ஊர். இந்தியா முழுக்க ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் செய்து அனுப்பும் ஊர் இது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது, அம்பத்தூர் எஸ்டேட்டில் நுழைந்தால் தெருவுக்குத் தெரு ஏதோ ஒரு கார் பாகம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களே உருவாகின்றன. உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையும் ஜிபி ரோடும் நமக்குக் கூப்பிடு தூரம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ அனுப்பும் பெட்டியை நம்பி என் அக்காவின் காரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

புதுப்பேட்டையில் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் டூப்ளிகேட் உண்டு, "லோக்கல் வேணுமா, கம்பெனி ஐட்டம் வேணுமா" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் ஒரு பழக்கம் இருக்கிறது. போய் நின்று பிரேக் பேடு கொடுங்கள் என்றால் கடைக்காரர் உடனே எடுத்துத் தர மாட்டார். எந்த வருஷத்து வண்டி, பெட்ரோலா டீசலா, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கா, பழசைக் கொண்டு வந்திருக்கீங்களா என்று கேட்பார். சாம்பிள் இல்லாமல் போனால், கழற்றிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்புவார். பழைய பாகத்தையும் புதியதையும் கையில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, துளைக்குத் துளை, காதுக்குக் காது ஒப்பிட்டுவிட்டுத்தான் பில் போடுவார். அந்தக் கேள்விகளை ஆன்லைனில் யாரும் கேட்பதில்லை. அப்படியென்றால் வாங்குகிற நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

அதற்கு வழி காரின் பெயரில் இல்லை, பாக எண்ணில் இருக்கிறது. ஆர்சி-யில் சேஸிஸ் எண் என்று பதினேழு எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கிறதல்லவா, ஒவ்வொரு வண்டிக்கும் அது தனி. உங்கள் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் கவுன்டர் இருக்கும், அங்கே அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு எந்தப் பாகம், அதன் எண் என்ன என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள், வாங்க வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. பழைய எண்ணுக்குப் பதிலாகக் கம்பெனி புது எண் கொடுத்திருந்தால் அதையும் அங்கேதான் சரியாகச் சொல்ல முடியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் ஆன்லைனில் கண்ணுக்குத் தெரியும் முக்கால்வாசிக் குப்பை தானாகவே விலகிவிடும். சேஸிஸ் எண்ணைக் கண்ட கண்ட விற்பனையாளருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், பாக எண் போதும்.

போலியே இல்லாவிட்டாலும் தப்பான பாகம் வருவது தனிக் கதை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பின் சக்கர பேரிங் வாங்கினார், நல்ல கம்பெனி, அசல் சரக்குதான், மாட்டவும் மாட்டியது. ஆனால் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. அவருடைய வண்டியில் சக்கரம் சுற்றும் வேகத்தை சென்சாருக்குச் சொல்லும் காந்த வளையம் பேரிங்கிலேயே சேர்ந்து வரும், அவர் வாங்கியது ஏபிஎஸ் இல்லாத மாடலுக்கானது, வளையம் கிடையாது. வெளியளவும் உள்ளளவும் ஒன்றேதான், அதனால்தான் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியவில்லை. அழுத்தி உட்கார வைத்த பேரிங்கைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது, பணமும் போச்சு, கூலியும் போச்சு. பிரேக் பேடிலும் இதே வம்பு உண்டு. ஒரே பெயர், ஒரே வருஷம், ஆனால் கம்பெனி இரண்டு இடங்களிலிருந்து காலிப்பர் (பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) வாங்கியிருந்தால் பேடின் வடிவம் வேறு வேறு. "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று திரையில் வரும் பச்சை டிக் இதையெல்லாம் பார்த்துச் சொல்வதில்லை. சாலையின் வலதுபுறமாக வண்டி ஓட்டும் நாடுகளுக்கான ஹெட்லைட்டும் இங்கே விற்பனைக்கு வருகிறது, மாட்டினால் வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில்தான் போய் விழும். 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் போட்டு ஹோல்டர் உருகிப்போன வண்டிகளைப் பாய் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

இன்னொரு குழப்பம் வார்த்தைகளில். ஒரிஜினல், ஜெனுயின், ஓஇஎம், ஓஇ டைப், ஓஇஎம் குவாலிட்டி, ஃபர்ஸ்ட் காப்பி என்று எல்லாவற்றையும் ஒரே சந்தையில் கொட்டி வைத்திருக்கிறார்கள். கார் கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பது ஜெனுயின். கார் கம்பெனிக்கு அந்தப் பாகத்தைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை (ஓஇஎம் என்பது இதைத்தான்) தன் சொந்தப் பெயரிலும் அதை விற்கலாம், தரம் நன்றாக இருக்கும், விலை குறையும், நான் இப்போது விரும்பி வாங்குவது இதைத்தான். மூன்றாவதாக வேறு கம்பெனிகள் அதே வண்டிக்குப் பொருந்தும்படி தங்கள் பெயரில் செய்து விற்பது, இதில் நல்லதும் உண்டு சுமாரானதும் உண்டு, ஆனால் இது போலி கிடையாது, யார் செய்தது என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். போலி என்பது இன்னொருவர் பெயரைத் தன் சரக்கின்மேல் ஒட்டுவது. "டைப்", "குவாலிட்டி", "போன்றது", "பொருந்தும்" என்ற ஒட்டு வார்த்தை பெயருக்குப் பின்னால் வந்தால் அது அந்தக் கம்பெனியின் பொருள் இல்லை என்று விற்பவரே சொல்லிவிட்டார், நாம்தான் அவசரத்தில் படிப்பதில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் நூறு, இருநூறு குறைவது சகஜம். 2025 செப்டம்பரில் கார் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதால் கடையிலும் விலை இறங்கியிருக்க வேண்டும், பழைய எம்ஆர்பி-யைக் காட்டி யாராவது பெரிய தள்ளுபடி என்றால் ஏமாற வேண்டாம். ஆனால் 1,850 ரூபாய்ப் பொருள் 740-க்கு வருகிறது என்றால் நடுவில் எதையோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் விஷயத்தில் எடுத்தது, கலவையைத் தகட்டோடு ஒட்டி வைக்கும் பிசினை.

அடுத்து புகார் கொடுத்த கதை. பேடு பிரிந்துபோன படங்களோடு அந்த விற்பனைத் தளத்தின் சாட்டில் எழுதினேன். பத்து நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. விபத்து நடந்தது என்று எழுதினேன், வருந்துகிறோம், ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது. பில்லில் இருந்த விற்பனையாளரின் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அதில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், நம்முடையது 33. இவருடையது வேறு மாநிலம், அது பரவாயில்லை, ஆனால் பதிவே ரத்தாகியிருந்தது. வாங்கும் முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகுதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பதிவு செய்துகொண்டார்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் என்று 2020-லேயே வந்திருக்கிறது. அதன்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும், விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எல்லாவற்றையும் வாங்குபவர் பார்க்கும்படி வைக்க வேண்டும். பொருள் போலியாகவோ பழுதாகவோ சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. பத்து நாள் கணக்கைச் சொல்லித் தட்டிக் கழித்தவர்கள் இந்த விதியை மேற்கோள் காட்டி எழுதிய பிறகு மூன்று வாரத்தில் 740 ரூபாயைத் திருப்பிப் போட்டார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தது, பம்பர், புது டிஸ்க், கூலி எதுவும் வரவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ஆன்லைனில் தாக்கல் செய்ய இப்போது இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. நானும் அக்காவும் அதற்கான காகிதங்களைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பாயிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி வைத்திருக்கிறேன். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதே பெட்டியின் படம் அதே 740 ரூபாய்க்கு இன்றும் அந்தத் தளத்தில் இருக்கிறது, விற்பவர் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்வது சுலபம், அது எல்லோருக்கும் முடியாது. ஃபோர்டு கார் வைத்திருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகர் ஆலையில் தயாரிப்பு நின்றுபோனது. நம்ம ஊரிலேயே செய்த வண்டிகள், இன்னும் நம்ம சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சின்ன பாகத்துக்குக்கூடப் பல இடங்களில் கேட்டு அலைந்துவிட்டு ஆன்லைனில் தேடுபவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களைக் குறிவைத்தும் "பழைய ஸ்டாக், அசல்" என்று விற்கிறார்கள். வாங்க வேண்டியதுதான் என்றால் கார் கம்பெனியோ பாகம் செய்யும் கம்பெனியோ நேரடியாக நடத்தும் தளமா, அவர்கள் இணையதளத்தில் பெயர் சொல்லியிருக்கும் டீலரா என்று பாருங்கள். தேவைப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே ஆர்டர் போடுங்கள். மறுநாள் காலை வண்டி வேண்டும் என்ற நிலைமையில்தான் நான் அந்தப் பேடைப் போடச் சொன்னேன், கையில் ஒரு வாரம் இருந்திருந்தால் பாய் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கியிருப்பேன். பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டுவதற்கு முன் பழையதோடு சேர்த்து வைத்துப் படம் எடுங்கள். டயர் வாங்கினால் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது.

பழைய பெட்டிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பாய் சொல்லித்தான் எனக்கே தெரியும், நல்ல கம்பெனியின் காலிப் பெட்டிக்கும் ஆயில் கேனுக்கும் விலை உண்டு. ஹாலோகிராமோடு அசல் பெட்டியே கிடைத்துவிட்டால் உள்ளே எதையும் வைக்கலாம், அப்புறம் எந்த நிபுணராலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சர்வீஸ் முடிந்ததும் பெட்டியை மெக்கானிக் கண்முன்னாலேயே கிழித்துவிடுங்கள், கேனில் ஆணியால் இரண்டு துளை போடுங்கள். பாய் இப்போது இதை வாடிக்கையாகவே செய்கிறார். ஆயில் ஃபில்டரில் நடக்கும் மோசடியையும் ஒருமுறை ஒன்றை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். நல்லதில் இன்ஜினை அணைத்ததும் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும், மடிப்புக் காகிதம் நெருக்கமாக இருக்கும். போலியில் காகித மடிப்புகள் பாதிகூட இல்லை, ரப்பர் இருந்த இடத்தில் ஏதோ ஒரு அட்டை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரானிக் பாகங்கள் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கத்தில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்று பார்த்தவன் நான். அப்படி மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றிய ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டோ ஏபிஎஸ் மாட்யூலோ வெளியே துடைத்துவிட்டால் புதுசு மாதிரித்தான் இருக்கும், இணைப்புப் பின்களில் பச்சை பூத்திருக்கும். ஏர்பேக்கைப் பழசில் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவும் வாங்குபவர் செய்ய வேண்டியது. ஆனால் ஓர் ஆசிரியை, ஓர் ஆட்டோ டிரைவர், பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தா, எல்லோரும் பாக எண்ணும் உராய்வுக் குறியீடும் கற்றுக்கொண்டுதான் பிரேக் வாங்க வேண்டும் என்பது நியாயமா? விற்பனைத் தளங்கள் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக், டயர் இந்த ஐந்திலாவது பாக எண் போடாமல் யாரும் விற்பனைக்கு வைக்க முடியாது என்று ஆக்கலாம். கம்பெனிப் பெயரில் விற்பவரிடம் அந்தக் கம்பெனியின் அனுமதிக் கடிதத்தைக் கேட்கலாம். போலி என்று ஒருமுறை பணம் திருப்பிக் கொடுத்த பொருளை, வேறு பெயரில் திரும்ப ஏற்றுகிறார்களா என்று பார்ப்பது அவர்களுக்கு ஒரு வேலையா? மாட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும் பாகத்துக்குப் பத்து நாள் ரிட்டர்ன் என்பது போதாது, குறைந்தது மூன்று மாதமாவது வேண்டும். போலிப் பொருளால் காயமோ மரணமோ நேர்ந்தால் செய்தவருக்கும் விற்றவருக்கும் சிறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு முதலில் யாராவது அடிபட வேண்டியிருக்கிறது. சட்ட அளவியல் துறை பெட்ரோல் பங்க்கிலும் மளிகைக் கடையிலும் சோதனை போடுகிற மாதிரி இந்தப் பெட்டிகள் வந்து இறங்கும் கிடங்குகளிலும் போட வேண்டும். சென்னையைச் சுற்றி அப்படிக் கிடங்குகளுக்குக் குறைவில்லை.

அக்கா இப்போது வண்டி ஓட்டுகிறார். முதல் ஒரு மாதம் பஸ்ஸில்தான் போனார், மழை பெய்தால் இன்றும் கூட்டு ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார். உடைந்த துண்டோடு, கழற்றிய அந்தப் போலிப் பேடுகளையும், ஒன்பது இலக்க எண் போட்ட பெட்டியையும், பில்லையும் ஒரு கவரில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நுகர்வோர் துறையிலிருந்தோ சட்ட அளவியல் துறையிலிருந்தோ எந்த அதிகாரி பார்க்க வேண்டும் என்றாலும் நேரில் கொண்டுவருகிறேன், என் தொடர்பு எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை-61.